நோன்பும் பட்டினியும்: மகளிர் மனநலம் பற்றிய ஒரு கூற்று

நாளில் எட்டு மணி நேரத்துக்குள் உண்டு முடித்து, எஞ்சிய பதினாறு மணி நேரமும் வயிற்றை வெறுமையாக விடுதல். வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் உண்டு, இரண்டு நாள் மிகக் குறைத்து உண்ணல். ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணல். இம்முறைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் என்பர். தொடக்கத்தில் இஃது உடல் எடையைக் குறைக்கும் வழியாகவே மக்களிடம் பரவியது. பின்னர், மூளையைக் கூர்மையாக்கும், மனச்சோர்வை அகற்றும், முதுமையில் மறதி நோயை அண்டவிடாது என்றெல்லாம் இதன் புகழ் வளர்ந்தது. அப்புகழ் இப்பொழுது மகளிரை நோக்கியே மிகுதியும் பேசப்படுகிறது.

தமிழ் மேடைகளில் அதனுடன் இன்னொரு கூற்றும் ஒட்டிக்கொண்டுள்ளது. ‘இது மேலைநாட்டார் கண்ட புதுமையன்று, நம் முன்னோர் மகளிருக்கு நோன்புகளை வகுத்ததே அவர்தம் மூளை நலத்தையும் மன நலத்தையும் எண்ணித்தான்’ என்பது அக்கூற்று. சான்றுகளாகத் திருக்குறளின் மருந்து அதிகாரமும், திருப்பாவையும், ஏகாதசியும், கந்தசஷ்டியும் எடுத்துக் காட்டப்படுகின்றன. ஆசிரியர்களும் இதனை வகுப்பறையில் எடுத்துச் சொல்லத் தூண்டப்படுகிறார்கள். பழமையும் புதுமையும் கைகோத்து நிற்கும் காட்சி எவர்க்கும் இன்பம் தருவதே. ஆயினும் காட்டப்படும் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து முழுதும் படித்துப் பார்த்தால், இலக்கியத்திலும் பாதி, அறிவியலிலும் பாதி என்ற அளவிலேயே அவை காட்டப்பட்டிருப்பது விளங்கும்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

முதற் குழப்பம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. நோன்பு என்னும் சொல் பொறுத்தல் என்ற பொருளிலிருந்து பிறந்தது. தவத்தின் இயல்பைக் கூறவந்த வள்ளுவர், தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையையும் அதன் வடிவாகக் காட்டும் இடத்தில் இவ்வேர்ச்சொல்லையே ஆள்கிறார். ஆகவே நோன்பில் உண்ணாமை ஓர் உறுப்பாக வரலாம், வராமலும் இருக்கலாம். பேசாதிருத்தலும் நோன்பே. பட்டினி என்பதோ உண்ணாத நிலையை மட்டும் சுட்டுவது. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் ‘பட்டினி நோன்பிகள்’ என இரு சொற்களும் இணைந்து வருகின்றன. நோன்பும் பட்டினியும் ஒன்றே ஆயின் அங்கே ஒரு சொல் வீணாகியிருக்கும். உண்ணாமையை நோன்பாகக் கொண்டவர்கள் என்று பிரித்துக் காட்ட வேண்டியிருந்ததாலேயே இளங்கோவடிகள் இரண்டையும் வைத்தார்.

கடிகாரத்தைப் பார்த்து உணவை நிறுத்தும் புதுமுறைக்கு ‘விரதம்’ என்றும் ‘நோன்பு’ என்றும் பெயரிட்டதனால், பழைய சொல்லுக்குரிய மதிப்பு முழுவதும் செலவின்றி அதற்கு வந்து சேர்ந்துவிட்டது. உணவு வேளைக் கட்டுப்பாடு என்று எளிமையாகச் சொல்லியிருந்தால், அதனை எவரும் ஆண்டாளோடு சேர்த்து எண்ணியிருக்கமாட்டார். இக்கட்டுரையில் இனி ‘வேளைக் கட்டுப்பாடு’ என்றே அது குறிக்கப்படும்.

குறளில் விடப்பட்ட ஒரு சொல்

மருந்து அதிகாரத்திலிருந்து பெரும்பாலும் எடுத்தாளப்படுவது, முன் உண்டது செரித்ததை அறிந்து பின் உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்னும் குறள். இதனைப் பதினாறு மணி நேரக் கணக்குக்கு ஆதரவாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும் என்பது விளங்கவில்லை. அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் மணிக்கணக்கு எங்கும் இல்லை. செரித்தது அறிந்து, நன்கு பசித்தபின், உடலுக்கு மாறுபடாததை அளவறிந்து உண்க என்பதே கருத்து. பசித்தபின் உண்க என்று சொன்னவர், பசித்தபின்னும் உண்ணாதே என்று எங்கும் சொல்லவில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி சிறிதன்று.

அதிகாரத்தின் முதற்குறளை மேடையில் கேட்பது அரிது. காரணம் உண்டு. மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய் என்பது அதன் கருத்து. மிகுதியைப் பேசுவோர் குறைவைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பரிமேலழகர் எழுதிய உரை இன்னும் நுட்பமானது. ஒருவனது உடற்கூற்றுக்கு ஒத்த அளவில் உணவும் செயலும் அமையவேண்டும் என்று கூறி, செயல் ஒத்தலாவது மனம், மொழி, மெய் மூன்றாலும் செய்யும் தொழில்களை அவை வருந்துமுன் நிறுத்துதல் என்று விளக்குகிறார். உடல் மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் மனத்தின் வருத்தத்தையும் உரையாசிரியர் கணக்கில் எடுத்துக்கொண்டார். மனநலத்துக்குக் குறளிலிருந்து சான்று தேடுவோர்க்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஆனால் அது அவர்கள் விரும்பும் பக்கத்தில் நிற்கவில்லை.

ஈகை அதிகாரத்தில் பசி பொறுக்கும் தவத்தினரின் வலிமையைப் புகழும் குறளும் இவ்வாறே பாதியில் நிறுத்தப்படுகிறது. அவ்வலிமையும் பிறர் பசியை மாற்றுவாரின் வலிமைக்குப் பின்னதே என்று அக்குறள் முடிகிறது.

பசியால் மனத்துக்கு நேர்வதைத் தமிழ்ப் புலவர் அறியாதவரல்லர். மணிமேகலையின் பாத்திரம் பெற்ற காதையில் பசிப்பிணி எவற்றையெல்லாம் அழிக்கும் என்னும் அடுக்கு வருகிறது. குடிப்பிறப்பு, மேன்மை, கல்வி, நாணம், அழகு என்று அது செல்கிறது. கல்வியைச் சாத்தனார் தெப்பமாக உருவகித்தார். வெள்ளத்தில் போகிறவன் பற்றியிருக்கும் தெப்பத்தைப் பசி கைவிடச் செய்கிறது. நல்வழியில் ஔவையார் பசி வந்தால் பறந்தோடும் பத்தினைக் கூறும்போது, மானத்தோடு கல்வியையும் அறிவுடைமையையும் தவத்தையும் சேர்த்தார். பசி அறிவைக் கூர்மையாக்கும் என்பதற்குப் பழந்தமிழில் சான்று தேடுவோர் இவ்விரு இடங்களையும் தாண்டித்தான் செல்லவேண்டும்.

இரண்டாம் பாட்டும் இருபத்தேழாம் பாட்டும்

திருப்பாவையின் இரண்டாம் பாட்டுதான் நோன்பின் விதிகளைச் சொல்வது. அதில் ஆயர்பாடிப் பெண்கள் விடுவதாகக் கூறுவன யாவை? நெய்யும் பாலும். சோற்றை விடுவதாக அங்கே பேச்சில்லை. கண்ணுக்கு மை இடாமை, கூந்தலில் மலர் சூடாமை, கோள் சொல்லாமை என்பனவும், விடியலில் நீராடுதலும், இயன்ற அளவு பிறர்க்குக் கொடுத்தலும் அதே பாட்டில் உள்ளன. உண்பொருளில் இரண்டை விட்டதற்குப் பட்டினி என்று பெயரிடுவது மிகை. மார்கழி மாதத்துக்கு மட்டும் உரிய இந்நோன்பு தோழியரை ஒவ்வொருவராக எழுப்பிக் கூட்டாகச் செய்யப்படுவது. முப்பது பாட்டுகளில் பத்துப் பாட்டுகள், ஆறு முதல் பதினைந்து வரை, இந்த எழுப்புதலுக்கே செலவாகின்றன. தனியே ஒருத்தி தன் அறையில் உண்ணாதிருப்பதற்கும் இதற்கும் உறவு என்ன?

இருபத்தேழாம் பாட்டை மேற்கோள் காட்டுவோர் குறைவு. நோன்பு நிறைவேறியபின் அணிகலன் அணிந்து, புத்தாடை உடுத்து, பால்சோறு மூடும்படி நெய் பெய்து, அந்நெய் முழங்கை வழியே வழிய, எல்லோரும் கூடியிருந்து உண்ணும் பாட்டு அது. எதை விட்டார்களோ அதையே பெருக உண்டு முடிக்கிறார்கள். வைணவர் இல்லங்களில் அந்நாளுக்குக் கூடாரவல்லி என்ற பெயரும், அன்று அக்கார அடிசிலும் உண்டு. நெய்யை விடும் பாட்டை நெய் வழியும் பாட்டிலிருந்து பிரித்து எடுத்தால், ஆண்டாள் பாடிய நோன்பு அங்கே இல்லை.

ஏகாதசிக்கும் இது பொருந்தும். மறுநாள் துவாதசியில் உரிய நேரத்தில் பாரணை செய்து உண்ணாவிட்டால் ஏகாதசி நிறைவு பெறாது என்பது விதி. அகத்திக் கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று பாரணைக்குரிய உணவும் வழக்கில் வகுக்கப்பட்டுள்ளது. உண்ணுதல் நோன்பின் முறிவாகாமல் நோன்பின் ஓர் உறுப்பாகவே வைக்கப்பட்டது.

கந்தசஷ்டியைப் பற்றிப் பேசுவோர் ஒரு பழமொழியையும் திருத்திச் சொல்வது வழக்கமாகிவிட்டது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பதனை, சஷ்டியில் நோன்பிருந்தால் அகமாகிய பையில், அதாவது கருப்பையில், குழந்தை வரும் என்பதே மூலப்பொருள் என்பர். பானையில் சோறு இல்லாத வீட்டை ஒருமுறை பார்த்தவர்க்கு இந்தத் திருத்தம் தேவைப்படாது. சஷ்டி நோன்பின் சிறப்புக்கு இப்பழமொழியின் துணையும் தேவையில்லை.

வேளை மாற்றி உண்ட பெண்கள்

உணவு வேளையை மாற்றி உண்ட பெண்களைப் பற்றிய உண்மையான சான்று சங்க இலக்கியத்தில் இருக்கிறது. அதனை எவரும் எடுத்துக் காட்டுவதில்லை. புறநானூற்று 248ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தனார் சிறிய வெள்ளாம்பலைக் கண்டு இரங்குகிறார். இளமையில் அதன் தழை ஆடையாயிற்று. வளம் மிக்க கணவன் மறைந்தபின் அதன் விதையே உணவாயிற்று. அவ்வுணவும் உரிய பொழுதில் உண்ணப்படுவதில்லை. பொழுதைத் தவிர்த்து, துன்பம் நிறைந்த நாளில் உண்ணப்படுகிறது. வேளைக் கட்டுப்பாடு என்று இன்று சொல்லப்படும் செயலின் வெளித்தோற்றம் இப்பாட்டில் அப்படியே உள்ளது. அதனைப் புலவர் நலம் என்னவில்லை. அந்த நாளுக்கே இன்னாமையை அடையாக்கினார்.

அதற்கு இரண்டு பாட்டு முன்னால், 246ஆம் பாட்டில், பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தன் குரலிலேயே பேசுகிறார். தீப்பாயாமல் தடுக்கும் சான்றோரை நோக்கிப் பாடிய பாட்டு. இதனைக் கற்பின் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகவே பாடநூல்கள் பலகாலும் நடத்திவந்தன. பாட்டின் அடிகளை எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரியும். பதினைந்து அடிகளில் ஏறக்குறைய பாதி, கைம்பெண்ணின் உணவையும் படுக்கையையும் பற்றியது. நெய் தீண்டாத, நீர் பிழிந்த பழஞ்சோறு, எள் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக் கீரை, பாயில்லாத பருக்கைக்கல் படுக்கை. இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவ்வாறு வாழும் பெண்டிருள் தான் ஒருத்தியல்லள் என்கிறார் அரசி. ஈமத்தீ தனக்குத் தாமரைக் குளம் போன்றது என்று அவர் கூறும் முடிவைப் போற்றுதல் எளிது. அவரை அந்தப் பேச்சுக்குத் தள்ளிய காரணங்களுள் உணவுக் கட்டுப்பாடும் ஒன்று என்பதைக் கண்டுகொள்வதே படிப்பவர் கடமை. ஒரு பெண் தன் மனநிலையைத் தானே சொன்ன சான்று இது. இதைப் போன்ற சான்று பழந்தமிழில் அதிகம் இல்லை.

ஆகப் பழந்தமிழில் இரண்டு வேறு பொருள்கள் உள்ளன. ஒன்று, விரும்பி ஏற்று, தோழியரோடு செய்து, முடிவுநாளில் விருந்துண்டு நிறைவு செய்யும் நோன்பு. மற்றொன்று, பிறரால் விதிக்கப்பட்டு, தனிமையில் கழிந்து, வாழ்நாள் முழுதும் முடிவில்லாத உணவுக் குறைப்பு. வயிற்றுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். மனத்துக்கு ஒன்றல்ல.

எலியும் பெண்ணும்

அறிவியல் சான்றுக்கு வருவோர் முதலில் காட்டுவது ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமியின் நோபல் பரிசு. உயிரணு தன் பழுதுற்ற பகுதிகளைத் தானே செரித்துப் புதுப்பிக்கும் செயலை ஆராய்ந்ததற்காக 2016இல் அவர் பரிசு பெற்றார். அந்த ஆராய்ச்சியின் அடிப்படை ஈஸ்ட் என்னும் நொதியில் நடந்தது. பெண்கள் எத்தனை மணிக்கு உண்ணவேண்டும் என்பது பற்றி அதில் ஒன்றுமில்லை.

அடுத்தது எலிகள். ஒருநாள் விட்டு ஒருநாள் உணவளிக்கப்பட்ட எலிகளின் மூளையில், நரம்பணுக்களின் வளர்ச்சிக்குத் துணையாகும் புரதம் மிகுவதை அமெரிக்க அறிஞர் மார்க் மாட்சன் முதலியோர் காட்டினர். இது மதிக்கத்தக்க ஆராய்ச்சியே. ஆயினும் சிறிய உடலும் விரைந்த வளர்சிதைமாற்றமும் உடைய எலிக்கு ஒருநாள் பட்டினி, மனிதருக்குப் பலநாள் பட்டினிக்கு ஒப்பாகும். இன்னொன்றும் உண்டு. அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ட இளம் பெண் எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சி குலைந்தது. அச்சுழற்சிக்குத் தலைமை தாங்குவதும் மூளையே. அதன் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். மூளை வளர்ந்தது என்பதற்கு எலியைச் சான்றாக அழைப்போர், சுழற்சி குலைந்தது என்று அதே எலி சொல்லும்போது ‘அது எலிதானே’ என்று விலக்குவது நேர்மையாகாது.

பெண்களிடமே செய்த ஆய்வுகள் சில உண்டு. ஆன் லூக்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் உடன் பணியாற்றியவரும் 2003இல் வெளியிட்டது அவற்றுள் சிறந்தது. ஒழுங்கான மாதவிலக்குடைய இளம் பெண்களுக்கு ஐந்து நாள் உணவை வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தனர். உடலின் கொழுப்பு நீங்கிய எடையில் கிலோ ஒன்றுக்கு, உழைப்பின் செலவு போக, நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கலோரிக்குக் கீழே ஆற்றல் இறங்கியபோது, சூலகத்தை இயக்கும் சுரப்புக்காக மூளையிலிருந்து எழும் துடிப்பு தளர்ந்தது. ஐந்தே நாளில் நேர்ந்த மாற்றம் இது. எந்த வேளையில் உண்டார்கள் என்பதைவிட, மொத்தத்தில் எவ்வளவு உண்டார்கள் என்பதே இங்குப் பேசுகிறது. எட்டு மணி நேரத்துக்குள் போதிய உணவை உண்பவரும் உண்டு. அந்நேரத்துக்குள் உண்ண முடியாமல் குறைத்துவிடுபவரும் உண்டு. இருவரையும் ஒரே பெயரால் அழைப்பதில் தொல்லை தொடங்குகிறது.

அச்சுறுத்துவோரும் மிகைப்படுத்தக் கூடாது. சிக்காகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்து கிறிஸ்டா வராடியின் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பருமன் உடைய பெண்கள் எட்டு வாரம் நாளில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மட்டும் உண்டனர். அளந்த சுரப்புகளில் ஒன்று மட்டும் சிறிது குறைந்தது. அதுவும் இயல்பான எல்லைக்குள்ளேயே நின்றது. அதே குழு 2015இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் மனச்சோர்வுக் குறிகள் குறைந்ததும் பதிவாயிற்று. பருமன் உடையவரிடம், மருத்துவர் கண்காணிப்பில், சில வாரம் நடந்த ஆய்வுகள் இவை. மெலிந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு இவற்றின் முடிவை எடுத்துப் போர்த்த முடியாது.

அறிவுக்கூர்மை பற்றிய கூற்றுக்கு விடை 2025இல் கிடைத்தது. ஆக்லந்து பல்கலைக்கழகத்து டேவிட் மோரோவும் உடன் ஆய்வாளரும், 71 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,484 பேரையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தனர். உண்டவர்க்கும் குறுகிய காலம் உண்ணாதிருந்தவர்க்கும் இடையே நினைவாற்றலிலோ கவனத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு பொதுவாக இல்லை. வளர்ந்தவர்க்கு அறிவு கூர்மையாகவும் இல்லை, மழுங்கவும் இல்லை. சிறுவர்க்கு மட்டும் உண்ணாதிருத்தல் திறனைக் குறைத்தது. காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளையைப் பற்றி ஆசிரியர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தது இதுதான்.

பெருமிதமும் எரிச்சலும்

மகளிரின் மனத்தைப் பற்றி நேரே கேட்ட ஆய்வு 2016இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. உடல்நலமுள்ள 52 பெண்கள் 18 மணி நேரம் உண்ணாதிருந்து தம் மனநிலையைக் கூறினர். உண்டநாளைவிட எரிச்சல் மிகுந்தது. கூடவே, சாதித்த உணர்வும், பெருமிதமும், தன்னைத் தான் ஆளும் உணர்வும் மிகுந்தன. ஒரே வயிற்றில், ஒரே நேரத்தில், இரண்டும்.

பசி துன்பம் மட்டுமே தருவதானால் எந்தப் பெண்ணும் அதனைத் தொடரமாட்டாள். பெருமிதமும் தருவதனால்தான் நோன்பு நிலைத்தது. அதே பெருமிதந்தான் சிலரை ஆபத்துக்கும் இழுத்துச் செல்கிறது. உணவை மறுப்பதில் கிடைக்கும் வெற்றியுணர்வு, உண்ண மறுக்கும் மனநோய்க்கு ஆட்பட்ட பெண்களிடம் நோயையே விடமுடியாத பிடிப்பாக்குகிறது. கனடாவில் 16 முதல் 30 வயது வரையுள்ள ஏறத்தாழ 2,700 பேரிடம் எடுத்து 2022இல் வெளியான கணக்கெடுப்பில், பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முந்தைய ஓராண்டில் வேளைக் கட்டுப்பாட்டைக் கையாண்டிருந்தனர். அவர்களிடையே மிகையாக உண்ணல், உண்டதை வாந்தியெடுத்தல், பேதி மருந்து உட்கொள்ளல், அளவிறந்த உடற்பயிற்சி ஆகியவை மற்றப் பெண்களைவிட மிகுதியாகக் காணப்பட்டன. எது காரணம், எது விளைவு என்று அக்கணக்கெடுப்பு கூறவில்லை. உணவோடு ஏற்கெனவே போராடும் பெண்ணுக்கு வேளைக் கட்டுப்பாடு ஒரு மதிப்புள்ள மறைப்பாகவும் உதவக்கூடும்.

நீண்ட பட்டினியின் மனவிளைவு பற்றி உலகம் மிகுதியும் சார்ந்திருப்பது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944–45இல் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு. 24 வாரம் பாதிப்பட்டினி. எரிச்சல், சோர்வு, எந்நேரமும் உணவைப் பற்றியே சிந்தனை, சமையல் நூல்களைச் சேர்க்கும் பித்து எனப் பல பதிவாயின. தம்மால் ஒன்றிலும் மனம் ஊன்ற முடியவில்லை என்று பங்கேற்றவர்கள் கூறினர். ஆனால் அறிவுச் சோதனைகளில் பெரிய வீழ்ச்சி தெரியவில்லை. மனம் உணர்வதும் சோதனை அளப்பதும் வேறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆய்வில் பங்கேற்ற 36 பேரும் ஆண்கள். 1950இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அந்நூலில் பெண்ணின் பட்டினியைச் சோதித்த பகுதி இல்லை. பெருங்கோப்பெண்டின் பாட்டில் அது இருக்கிறது.

எல்லா உண்ணாமையையும் நோயாகப் படிப்பதும் பிழைதான். ஐரோப்பிய இடைக்காலத்தில் உண்ணாதிருந்து துறவு நிலை எய்திய பெண்களை, 1380இல் 33 வயதில் மறைந்த சியன்னா நகரத்துக் கேத்தரினைப் போன்றோரை, ருடால்ஃப் பெல் 1985இல் எழுதிய நூலில் இன்றைய உணவு மறுப்பு நோயோடு ஒப்பிட்டார். இரண்டாண்டுக்குப் பின் கரொலின் பைனம் அதனை மறுத்தார். அப்பெண்களுக்கு உணவு என்பது தம் கையிலிருந்த ஒரே பொருள். அதனைக் கொடுத்தும் மறுத்தும் அவர்கள் தமக்கென ஒரு பொருளைப் படைத்தனர் என்று காட்டினார். ஆண்டாளின் ஆயர்பெண்களைப் படிப்பதற்கும் இந்த எச்சரிக்கை பயன்படும்.

சமய நோன்புகளை வகுத்தவர் மூளை நூல் படித்தவரல்லர். எனினும் அவ்விதிகளில் மனிதரை அறிந்த நுட்பம் இருக்கிறது. ரமலான் நோன்பில் கருவுற்றோரும், பாலூட்டுவோரும் தம் உடலுக்கோ குழந்தைக்கோ தீங்கு அஞ்சின் விட்டுவிடலாம்; மாதவிலக்கு நாள்களில் பெண்கள் நோன்பு பிடிப்பதே இல்லை; விட்ட நாள்களைப் பின்னர் ஈடு செய்வர். பெண்ணின் உடல் மாதம் முழுதும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்பது அவ்விதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கைத்தொலைபேசியில் மணிக்கணக்கு காட்டும் செயலி பதினாறு மணி நேரத்தை எல்லா நாளும் ஒன்றுபோலவே எண்ணுகிறது. நோன்பைத் திறப்பதற்கு அண்டைவீட்டாரையும் அது அழைப்பதில்லை. அந்தி மங்கும் வேளையில் பள்ளிவாசலில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் கூட்டம் அதற்குத் தெரியாது.

பள்ளி இடைவேளையில் உணவுப் பொட்டலத்தைத் திறவாமல் வைத்திருக்கும் மாணவி ‘நோன்பு’ என்று சொன்னால், ஆசிரியை அதனை மதித்து ஒதுங்கிப் போவதே வழக்கம். மதிப்போடே மூன்று கேள்வி கேட்கலாம். இந்நோன்பு எந்நாள் முடிகிறது? வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள்? முடிந்த அன்று என்ன சமையல்? வெள்ளிக்கிழமை நோன்பிருக்கும் பெண் மூன்றுக்கும் உடனே விடை சொல்லிவிடுவாள். மூன்றாவது கேள்விக்கு முகம் மலர்ந்தே சொல்வாள். விடை வராத இடத்தில் தாயையும் மருத்துவரையும் காணவேண்டிய தேவை இருக்கிறது.